கவர்னரின் மூக்கும் பதினான்கு பேரின் கால்களும்

மரியபுஷ்பத்துக்கு நாற்பத்தேழு வயது. அதில் இருபத்தாறு வருஷம் குனிந்தபடியே போய்விட்டது. அவரே சொல்வார்: "ஊர்ல பாதிப் பேரு மூஞ்சி எனக்குச் சரியா தெரியாது. கால வச்சுத்தான் ஆள அடையாளம் கண்டுபிடிப்பேன்."

பாபநாசத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செங்கழுநீர்க்குடியில் நடவு செட்டு என்றால் அது மரியபுஷ்பத்தின் செட்டுதான். பதினான்கு பெண்கள். எந்த வயலுக்கு என்றைக்கு இறங்குவது, நாற்று முடியை யார் வீசுவது, டீ எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். அந்த வாயைப் பற்றி ஊரில் இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, அது நீளம். இன்னொன்று, அது மிகவும் நீளம். கணவர் செங்கல் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இருபது நாள் வெளியூர். மீதிப் பத்து நாளில் தனக்குப் பேச வாய்ப்பு கிடைத்ததாக அவர் யாரிடமும் சொன்னதில்லை.

செட்டில் இருந்த பதினான்கு பேருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. அரிப்பு.

ஐப்பசியில் இரண்டாம் போகமான தாளடி நடவு தொடங்கும். ஊர்க் குளத்துக்குக் கீழே இருக்கும் வயல்களில் இறங்கி அரை மணி நேரம் ஆவதற்குள் கெண்டைக்கால் குறுகுறுக்கும். சாயங்காலம் சிவப்புத் தடிப்புகள். மறுநாள் கொப்புளம். பிறகு பத்து நாள் சொறிதல். தண்ணீர் எதுவரை நின்றதோ அதுவரை மட்டும்தான் இருக்கும். அதற்கு மேல் ஒரு பொட்டு கிடையாது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி.

இதற்கு ஊரில் விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை. மருந்துக் கடைக்காரர் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் அரிப்பு போகாது, ஆனால் தூக்கம் வரும். உரக்கடைக்காரர் யூரியா என்றார், பக்கத்துக் கடை யூரியா என்று திருத்தியும் சொன்னார். பங்குச் சாமியார் பொறுமை என்றார். அந்தப் பொறுமை போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்ந்தது. பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது எழுந்தேற்ற மணி அடித்து, கோயிலே தலை குனிந்து அமைதியாக இருந்த நேரத்தில், முழங்காலில் நின்றிருந்த மரியபுஷ்பம் இரண்டு கைகளாலும் இரண்டு கால்களையும் வறட் வறட் என்று சொறிந்தார். அவரைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த, அதே செட்டைச் சேர்ந்த அம்சத்துக்கு அரிப்பு வந்தது. பூசைக்கு அம்சம் வந்ததே துணைக்குத்தான். அவருக்கு மாரியம்மன்தான் எல்லாம். பின்வரிசையில் இன்னும் நான்கு பேருக்குத் தொற்றியது. பூசை முடிந்ததும் சாமியார் வாசலில் நின்றார்.

"புஷ்பம், ஆண்டவர் எழுந்தருளுற நேரம் அது."

"சாமி, ஆண்டவரே கொளத்தடி வயல்ல எறங்கியிருந்தாலும் சொறிஞ்சிருப்பாரு."

அதோடு மரியபுஷ்பம் முடிவெடுத்துவிட்டார். மறுநாள் காலை செட்டு முழுவதும் குளத்தடி வயலின் வரப்பில் உட்கார்ந்தது. யாரும் இறங்கவில்லை.

அந்த வயல் குழந்தைராஜுக்குச் சொந்தம். அறுபது வயது, ஆறடி உயரம், பங்குப் பேரவையின் துணைத் தலைவர். ஆனால் அவரே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது இதையெல்லாம் விட்டுவிட்டு, "கவர்னர் இருக்கானே, அவன் வளர்றது நம்ம வீட்லதான்" என்பார். கவர்னர் என்பது பந்தயக் காளை. மூன்று வருஷத்துக்கு முன் மாட்டுவண்டி எல்கைப் பந்தயத்தில் முதலாவதாக வந்தது. இரண்டு வருஷமாகப் பாதித் தூரத்திலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. குழந்தைராஜ் அதற்கு ஓட்டுபவனைத்தான் திட்டுவார்.

"என்ன புஷ்பம், எல்லாரும் பிக்னிக் வந்தீங்களா?"

"எறங்க மாட்டோம்ணே. இந்த அரிப்பு எதனால வருதுன்னு தெரியற வரைக்கும் இந்த வயல்ல காலு வைக்கறதில்ல. வேற வயலு எது சொன்னாலும் நடறோம்."

"நான் மெஷின் வச்சு நட்டுக்கறேன்."

"நடுங்க. மெஷினுக்குக் காலு இல்ல, அதுக்கு அரிக்காது."

மெஷின் வந்தது. குளத்தடி வயல் முழங்காலளவு உளைச்சேறு. நான்காவது வரிசையில் மெஷின் உட்கார்ந்தது. அதை வெளியே எடுக்க டிராக்டர் வந்தது. டிராக்டரை எடுக்க இன்னொரு டிராக்டர் வந்தது. வரப்பில் பதினான்கு பெண்களும் வெற்றிலை போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் வெளியூர்ப் பெண்கள் பத்துப் பேர் வேனில் வந்தார்கள். பதினொரு மணிக்கு முதல் ஆள் சொறியத் தொடங்கினார். பன்னிரண்டரைக்கு வேன் கிளம்பிவிட்டது.

குழந்தைராஜுக்கு இப்போது ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். குளத்தின் வடகரையில் நானூறு வாத்துகளோடு வேம்பு தங்கியிருந்தார். குறுவை அறுவடை முடிந்த வயல்களில் உதிர்ந்த நெல்லை மேயவிட்டு, ஊர் ஊராக வாத்து ஓட்டிக்கொண்டு போகும் மனிதர். விழுப்புரம் பக்கம் வீடு. வருஷத்தில் ஒன்பது மாதம் வரப்பில்தான்.

"எல்லாம் இந்த வாத்து பண்ற வேல. தண்ணி பூரா எச்சம்" என்றார் குழந்தைராஜ். அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம் கூடியது. வாத்துக்காரர் விடிந்ததும் போய்விட வேண்டும் என்று முடிவானது. எதிர்த்துப் பேச வாத்துகளுக்கு அழைப்பில்லை.

காலையில் வேம்பு மூங்கில் தட்டியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மரியபுஷ்பம் அங்கே போனார்.

"அண்ணே, ஒங்க கால காட்டுங்க."

வேம்பு கைலியைத் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே மரியபுஷ்பத்தின் கால்களுக்குச் சளைக்காமல் தழும்பும் தடிப்புமாக இருந்தது.

"இந்த ஊர்ல மட்டுந்தாங்க இப்படி. போன மாசம் பூரா அதே வாத்தோடதான் திருவாரூர் பக்கம் நின்னேன், ஒண்ணும் இல்ல. என் வாத்துதான் செய்யுதுன்னா சொல்லுங்க, நானே கொழம்பு வச்சுத் தந்துட்டுப் போறேன்."

மரியபுஷ்பம் யோசித்தார். வாத்துகள் இந்த ஊருக்கு வந்ததே அதற்கு முந்தைய வருஷத்திலிருந்துதான். அரிப்பு அவருக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருக்கிறது. இதை ஊர்க்கூட்டத்தில் ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று அவருக்குக் கோபம் வந்தது. தான் அந்தக் கூட்டத்துக்கே போகவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் கோபம் இரண்டு மடங்கானது. வேம்பு போய்விட்டார். நானூறு வாத்துகளும் ரோட்டோரமாகச் சத்தம் போட்டுக்கொண்டே போயின.

அடுத்த நாள் அம்சத்தையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு மரியபுஷ்பம் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியின் தோல் நோய்ப் பிரிவில் இருந்த டாக்டர் முதல் காலைப் பார்த்தார். பிறகு ஐந்து பேரையும் பெஞ்சில் வரிசையாக உட்காரச் சொல்லிப் பத்துக் கால்களையும் பார்த்தார். பத்திலும் ஒரே உயரத்தில் ஒரே கோடு. டாக்டர் மாத்திரை எழுதாமல் போனை எடுத்தார். "தஹ்மீனா, நீங்க தேடிக்கிட்டிருந்தது இங்க பஸ் ஏறி வந்துருக்கு" என்றார்.

தஹ்மீனாவுக்கு இருபத்தொன்பது வயது. கால்நடைகளை அண்டிப் பிழைக்கும் ஒட்டுண்ணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். வந்த வேகத்தில் கேள்விகளை அடுக்கினார். தண்ணீரில் இறங்கி எவ்வளவு நேரத்தில் அரிக்கிறது? வெயில் நாளில் அதிகமா, மழை நாளில் அதிகமா? அந்த வயலில் நத்தை உண்டா?

"வெயில்லதான் அதிகம். நத்த நெறைய இருக்கு டாக்டரம்மா."

"நான் ஊசி போடற டாக்டர் இல்லக்கா. தஹ்மீனான்னே கூப்பிடுங்க. எப்படி இருக்கும் அந்த நத்த?"

"கொசுவத்திச் சுருள் மாதிரி தட்டையா சுருண்டுருக்கும்."

தஹ்மீனாவின் முகம் மலர்ந்தது. அரிப்பைக் கேட்டு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு அம்சம் பார்த்ததில்லை. "இந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிருச்சா?" என்று மரியபுஷ்பத்தின் காதில் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து தஹ்மீனா ஊருக்கு வந்தார். பெண்களுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கொடுத்து நத்தை பொறுக்கச் சொன்னார். நாற்பது கண்ணாடிக் குப்பிகளில், ஒன்றுக்கு ஒரு நத்தை, கொஞ்சம் தண்ணீர்; கோயில் மதில்மேல் வெயிலில் வரிசையாக வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஆறு குப்பிகளில் தண்ணீர் லேசாகக் கலங்கியது. லென்ஸ் வழியாகப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத தூசு அளவில் ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் நுனி பிளந்த வால்.

"இதுதான் ஒங்க கால்ல நொழையறது. நத்தையிலேருந்து வெயில்ல வெளிய வரும். அது தேடறது வேற ஒரு மிருகத்தோட தோல. மனுசங்க ஒடம்புக்குள்ள அதுனால வளர முடியாது. தோலோட மாட்டிக்கிட்டு அங்கயே செத்துப் போயிரும். அந்தச் செத்த புழுவத்தான் ஒங்க ஒடம்பு எதுத்து சண்ட போடுது. அதான் அரிப்பு."

மரியபுஷ்பம் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தார். "அப்ப அட்ரஸ் மாறி வந்த கூரியர்காரன் மாதிரி. வந்ததும் இல்லாம நம்ம வாசல்லயே உயிரையும் விடறான். சரி, இவன் போக வேண்டிய வீடு எது? வாத்தா?"

"வாத்தா இருக்கலாம், மாடா இருக்கலாம், ஆடா இருக்கலாம். இதுல பல சாதி இருக்குக்கா. வெளிய பாத்தா பலதும் ஒரே மாதிரிதான் தெரியும். வால வச்சு மட்டும் சத்தியம் பண்ண முடியாது. உள்ள மரபணு இருக்கு, அதுல ஒரு பகுதிய மட்டும் லட்சக்கணக்குல நகலெடுத்து, எழுத்தெழுத்தா படிச்சு, ஏற்கெனவே தெரிஞ்ச புழுங்களோட ஒப்பிட்டுப் பாத்தா எந்தச் சாதின்னு தெரிஞ்சிரும்."

"ஓ, அப்பன் யாருன்னு பாக்கற டெஸ்ட்டு!"

தஹ்மீனா திருத்த வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பெயர் கோயில் வாசலிலிருந்து டீக்கடைக்குப் போய்விட்டது. ஊரில் அதற்கு இன்றுவரை அப்பன் டெஸ்ட்டு என்றுதான் பெயர்.

நத்தையிலிருந்து வந்த புழு ஒருபக்கம். அதோடு ஒப்பிட, பக்கத்திலிருக்கும் விலங்குகளின் மாதிரியும் வேண்டும் என்றார் தஹ்மீனா. வேம்புவுக்குப் போன் செய்தார்கள். அவர் அப்போது வலங்கைமான் பக்கம் இருந்தார். தஹ்மீனாவின் உதவியாளர் ஒருவர் பைக்கில் போய் வாத்து எச்சம் வாங்கி வந்தார். பிறகு குளத்தில் இறங்கும் பதினோரு மாடுகள். அவற்றின் சாணியும் வேண்டும், மூக்குச் சளியும் வேண்டும்.

"கவர்னரோட மூக்கையா?" என்றார் குழந்தைராஜ். "அவன் மூக்குல நான்கூட கை வச்சதில்ல."

ஆனால் ஊரே தொழுவத்தின் முன் நின்றதால் மறுக்கவும் முடியவில்லை. கவர்னர் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கர்ர்ர் என்று பழைய மோட்டார் பம்ப் மாதிரி சத்தம்.

"இந்தச் சத்தம் எவ்ளோ நாளா இருக்குங்க?" என்று கேட்டார் தஹ்மீனா.

"ரெண்டு வருஷமா. சிங்கக் கொறட்ட. நல்ல ரத்தம் ஓடற மாட்டுக்குத்தான் இப்படி வரும்" என்றார் குழந்தைராஜ், மீசையைத் தடவியபடி.

உடன் வந்த கால்நடை மருத்துவர் சிரிக்காமலிருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டார். ஒரு குழாயால் மூக்கில் உப்புத் தண்ணீரைப் பீய்ச்சினார். கீழே தட்டைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பைக் குழந்தைராஜே விரும்பி ஏற்றிருந்தார். கவர்னர் ஒரு கணம் யோசித்தது. பிறகு தும்மியது. தட்டில் விழுந்தது கொஞ்சம். துணைத் தலைவரின் வெள்ளைச் சட்டையிலும் மீசையிலும் விழுந்தது மிச்சம். தஹ்மீனா சட்டையிலிருந்தே கொஞ்சம் வழித்துக் குப்பியில் போட்டுக்கொண்டார். "வீணாக்கக் கூடாதுங்க" என்றார்.

மூன்று வாரம் ஆனது. குளத்தடி வயல் தரிசாகக் கிடந்தது. குழந்தைராஜ் மரியபுஷ்பத்தைப் பார்த்தால் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். ஆறடி மனிதர் என்பதால் திரும்புவது தூரத்திலிருந்தே தெரிந்தது.

முடிவு வந்த அன்று தஹ்மீனா முதலில் மாட்டுக்காரர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். யார் மாடு என்று கூட்டத்தில் சொல்லமாட்டேன், ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தனித்தனியாகச் சொன்னார். மரியபுஷ்பத்தின் வீட்டுக்கும் வந்தார். மரியபுஷ்பத்திடம் ரோஸி என்று ஒரு கறவை மாடு உண்டு.

"அக்கா, ரோஸி மூக்குலயும் அந்தப் புழு இருக்கு."

மரியபுஷ்பத்தின் வாய் அன்று முதல் தடவையாக ஓய்ந்தது. ஆறு வருஷமாக தினமும் மத்தியானம் ரோஸியைக் குளத்துக்கு ஓட்டிப்போவது அவர்தான். மூக்கில் சளி ஒழுகும். தூசு என்று நினைத்து அதே தண்ணீரில் கழுவி விடுவார். அந்தச் சளியில் முட்டை, முட்டையிலிருந்து நத்தைக்கு, நத்தையிலிருந்து வயலுக்கு. குளத்து மதகைத் திறந்தால் தண்ணீர் நேரே குளத்தடி வயலுக்குத்தான் போகும். அம்சத்தின் காலில் சீழ் பிடித்து ஒரு வாரம் நடக்க முடியாமல் கிடந்தது ஞாபகம் வந்தது. அப்போது கஞ்சி வைத்துக் கொடுத்தது இதே கைதான்.

"பேரு சொல்லமாட்டீங்கல்ல?"

"சொல்லமாட்டேன்க்கா."

"சரி, போங்க. நான் பின்னால வரேன்."

தஹ்மீனா போன பிறகு ரோஸியைப் பார்த்து இரண்டு நிமிடம் திட்டினார். மாடு அவர் முந்தானையை மென்றது. முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

கோயில் மண்டபத்தில் கூட்டம். தஹ்மீனா காகிதத்தைப் பிரித்து நிதானமாகச் சொன்னார். ஆறு நத்தைகளிலும் இருந்தது ஒரே வகைப் புழு. அது மாட்டின் மூக்குக்குள், ரத்தக் குழாயில் வாழும் புழு. வாத்து எச்சத்தில் இது கிடையாது. வாத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை. பதினோரு மாட்டில் நான்கின் மூக்குச் சளியில் இதன் முட்டை இருந்தது; மரபணு எழுத்தும் நத்தைப் புழுவோடு அப்படியே ஒத்துப்போகிறது. மூக்கு அடைத்துக்கொள்வதால்தான் மாடு குறட்டை விடுகிறது. மூச்சு வாங்கி ஓட முடியாமல் நிற்பதும் அதனால்தான்.

மண்டபத்தில் இருந்த அத்தனை கழுத்துகளும் குழந்தைராஜை நோக்கித் திரும்பின. அவர் முகம் கறுத்துவிட்டது.

"அப்ப ஊருக்கே அரிப்பு கொடுத்தது என் மாடுன்றீங்களா? என் ஒத்த மாடு?"

பெயர் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்த தஹ்மீனா காகிதத்தை மடித்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். மரியபுஷ்பம் எழுந்தார்.

"ஒத்த மாடு இல்லண்ணே. நாலுல ஒண்ணு என் ரோஸி."

சிரிப்பு நின்றது. அவர் அம்சத்தைப் பார்த்தபடிதான் மீதியைச் சொன்னார். "நாந்தான் தெனம் அது மூக்கக் கழுவி விட்டேன், நீங்க எல்லாம் எறங்கற தண்ணியில. தெரியாது. தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பேனா?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. தும்மறது எம் மாடா இருந்தாலும், கவர்னர் பக்கத்துல அது வெறும் கிளார்க்கு."

முதலில் சிரித்தது அம்சம். "ஏன்டி, இருவது வருசமா சொறிஞ்சுக்கிட்டு நிக்கறேன், ஒரு வார்த்த ஒன் மாட்டக் கேட்டுருக்கக் கூடாது?" என்றார். குழந்தைராஜுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன் பழியில் பங்குக்கு ஆள் கிடைத்த நிம்மதி அது.

செய்ய வேண்டியதை மருத்துவர் சொன்னார். நான்கு மாடுகளுக்கும் மருந்து. மாடுகளை இனிக் குளத்தில் இறக்காமல் பம்புசெட்டில் குளிப்பாட்ட வேண்டும். குளத்தில் நத்தையைக் குறைக்க வேண்டும்.

"நத்தைய எப்படிக் கொறைக்கறது?" என்றார் குழந்தைராஜ்.

தஹ்மீனா தயங்கினார். "வாத்து நல்லா தின்னுங்க."

மரியபுஷ்பம் தன் போனை எடுத்து, வேம்புவின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்திக் குழந்தைராஜின் முன் நீட்டினார்.

"வேம்பு, நான் செங்கழுநீர்க்குடி குழந்தைராஜ் பேசறேன். ஒங்க வாத்துங்கள கொஞ்சம் ஓட்டிக்கிட்டு வரணுமே."

"எந்த வாத்துங்க? நோய் பரப்பற வாத்துங்களா?"

"தப்பு நடந்துபோச்சு. மன்னிச்சுக்கங்க."

"என்கிட்ட என்னங்க மன்னிப்பு? நான் மனுசன், எனக்குப் பழக்கம். இருங்க, அவுங்க பக்கம் போன காட்டறேன்."

நானூறு வாத்துகளின் இரைச்சல் மண்டபத்தை நிறைத்தது. பங்குப் பேரவையின் துணைத் தலைவர் போனுக்குள் குனிந்து, "மன்னிச்சுக்கங்க!" என்று இரண்டு தடவை கத்தினார். மறுபக்கத்தில் சத்தம் கூடியது. ஏற்றுக்கொண்டார்களா என்று தெரியவில்லை என்றார் வேம்பு. ஆனால் வியாழக்கிழமை வந்துவிட்டார்.

வாத்துகள் குளத்தில் மூன்று வாரம் மேய்ந்தன. மாசியில் நடந்த பந்தயத்தில் கவர்னர் மூன்றாவதாக வந்தது. குறட்டை நின்றுபோனதால் தொழுவத்தில் மாடு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்து, குழந்தைராஜ் அடிக்கடி எழுந்து பார்க்கிறாராம். ரோஸிக்குப் பால் கூடியது. பம்புசெட்டில் குளிப்பாட்ட அது ஒத்துழைப்பதில்லை. குளத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும், பின்னால் கயிற்றோடு மரியபுஷ்பமும் ஓடுவார்.

இந்த ஐப்பசியில் செட்டு குளத்தடி வயலுக்கு வந்தது. பூட்ஸோடு உளையில் இறங்கினால் பூட்ஸ் சேற்றிலேயே தங்கி, கால் மட்டும்தான் மேலே வரும். அதனால் வெறுங்காலோடுதான் இறங்கினார்கள். நல்ல வெயில். அரை மணி நேரம் நாற்றை நட்டுக்கொண்டே ஒவ்வொருவரும் தன் காலை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, அரிக்குது!" என்று அம்சம் அலறினார்.

பதினான்கு பேரும் வரப்புக்கு ஓடினார்கள். மரியபுஷ்பம் அம்சத்தின் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முழங்காலுக்கு மேலே, புடவை மடிப்பில், ஒரு கட்டெறும்பு.

அன்று சாயங்காலம் மூன்று பேருக்கு லேசான தடிப்பு வந்தது உண்மைதான். நத்தை முழுசாக ஒழியவில்லை, அடுத்த வருஷமும் பார்க்க வேண்டும் என்றார் தஹ்மீனா. ஆனால் பதினோரு பேரின் கால் சுத்தமாக இருந்தது. சொறிய நிற்காததால் வயலை நான்கு மணிக்கே நட்டு முடித்துவிட்டார்கள். டீ வழக்கம்போல ஐந்து மணிக்குத்தான் வந்தது. அதற்காக மரியபுஷ்பம் குழந்தைராஜைப் பிடித்துக்கொண்டது தனிக் கதை. அடுத்த தெரு வரைக்கும் கேட்டதாம்.